லாசரஸ் ஐயா வீட்டுக் கதவு

ராஜகீழ்ப்பாக்கம்
ஜூலை 7

அன்புள்ள ஸ்டெபின்,

சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து அப்பா பாடிய பதில், வெளியே நின்றவர்களுக்கு மட்டும் ஏன் அப்படிக் கேட்டது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் இப்படிச் சொல்வது அழகில்லைதான். ஆனால் ‘அப்படி’ என்றால் எப்படி என்பதே எனக்குத் தெரியாது. அப்போதெல்லாம் டிசம்பர் வந்தால் நீ கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் கூட்டத்தோடு தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவாய். நான் அம்மாவோடு அடுப்படியில் முப்பது பேருக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருப்பேன். அந்தக் கதவுக்கு வெளியே நான் நின்றதே இல்லை.

நலம்தானே? ஏற்காட்டில் மழை தொடங்கியிருக்கும். தலையில் ஈரத்தோடு திரியாதே. சுஜிக்கு டீச்சர் வேலை அதிகமா? எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

அப்பாவின் அஸ்தினாபுரம் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட பில்டர் தனசிங் ஒப்புக்கொண்டுவிட்டார். அக்டோபரில் இடிக்க வேண்டும் என்கிறார். உன் கையெழுத்து தேவை. போனில் ஐந்து நிமிடத்தில் பேசி முடித்திருக்கலாம். நீயோ இரண்டு தடவை ‘என்னக்கா, என்னக்கா’ என்று கேட்டுவிட்டு, சிக்னல் இல்லை, கடிதம் எழுது என்று வைத்துவிடுகிறாய். என் மாணவர்கள் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போய் அங்கிருந்தே வீடியோ அனுப்புகிறார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படியோ சிக்னல் கிடைக்கிறது.

அன்புடன்,
மெட்டில்டா


ஏற்காடு
ஜூலை 19

அன்பு அக்காவுக்கு,

நானும் சுஜியும் சுகம். சளி இல்லை. உன் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, அனுப்புகிறேன். நம்பிக்கை இல்லாவிட்டாலும் தடவு.

வடபழனி ஸ்டூடியோக்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பை விட்டுவிட்டு மலையில் என்ன செய்கிறான் என்று நீ நேராகக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதிலேயே கேட்டுவிடுவாய். சொல்கிறேன்.

இருபது வருடம் கீபோர்டு வாசித்தேன். உறுமி வேண்டுமா, ஒரு கட்டை. பம்பை வேண்டுமா, பக்கத்துக் கட்டை. நாற்பது பேர் கோரஸ் என் சுண்டுவிரலில் இருந்தது. உன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு மண்டபத்தில் கல்யாண ரிசப்ஷன். பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் இருமுகிறது, கிளம்பவில்லை. ஊமைக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டோலக் வாசிக்கும் சவுரிமுத்து அண்ணன் என்னைப் பார்த்து, “இன்னா ஸ்டெபினு, உன் நாப்பது பேரும் தூங்கிகினு கீறாங்களா? எழுப்பு, எழுப்பு” என்றார். சொல்லிவிட்டு டோலக்கை மடியில் இழுத்து வைத்து எந்தப் பாட்டை எடுத்தார் தெரியுமா? நம் ரவுண்ட்ஸ் பாட்டு. மே மாதக் கல்யாணத்தில், கர்ப்பிணிக்குச் சத்திரத்தில் இடம் கேட்கிற கிறிஸ்துமஸ் பாட்டு!

*ஏரிக்கரை சுத்தி வந்தோம், எலெக்ட்ரிக் ரயில் ஏறி வந்தோம்,*
*புள்ளத்தாச்சி கூட வந்தோம், லாசரஸ் ஐயா கதவத் தெறங்க,*
*இடம் இருக்குதா? இடம் இருக்குதா?*

சாப்பாட்டுப் பந்தியிலிருந்து அஞ்சாறு பேர் எழுந்து வந்து கூடப் பாடினார்கள். எல்லாரும் அஸ்தினாபுரத்துக்காரர்கள். நாட்டுப்புறப் பாட்டு என்றால் ஏதோ தூரத்து ஊர்களில் இருப்பது என்று நினைத்துத்தான் கீபோர்டில் அதைச் செய்துகொண்டிருந்தேன். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவிலேயே பாட்டு இருந்திருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு தேடித் தேடி ஒன்பது பாட்டு சேர்த்துவிட்டேன். தண்ணி லாரிக்காகக் காத்திருந்தபோது கட்டினது, செம்பாக்கம் ஏரி நிரம்பினபோது கட்டினது, இப்படி. நைலான் தந்தி கிடார், டோலக், தொண்டை. வேறு எதுவும் கிடையாது. சவுரிமுத்து அண்ணன் இதற்கு ‘கரண்டு கட் பாட்டு’ என்று பேர் வைத்திருக்கிறார்.

பத்தாவது, லாசரஸ் ஐயா என்று அப்பா பேர் வரும் நம் வீட்டுப் பாட்டு. மற்ற வீடுகளில் ‘இடம் இருக்குதா’ என்று பாடி முடித்ததும் கதவைத் திறந்துவிடுவார்கள். அப்பா மட்டும்தான் சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று, ‘இடம் இருக்குது, உள்ளே வாங்க’ என்று பதில் பாடிவிட்டுத் திறப்பார். அந்தப் பதில் எனக்கு வேண்டும். அதை ஸ்டூடியோவில் செய்ய முடியாது. அந்த ஹால் வேண்டும், அந்தக் கதவு வேண்டும். டிசம்பர் வரை வீட்டை விட்டு வை அக்கா.

உன் தம்பி,
ஸ்டெபின்


ராஜகீழ்ப்பாக்கம்
ஆகஸ்ட் 4

அன்புள்ள ஸ்டெபின்,

தைலம் வந்தது. தடவினேன். வலி அப்படியே இருக்கிறது, வாசனை மட்டும் நன்றாக இருக்கிறது. நீங்கள் இருவரும் நலம் என்பதில் மகிழ்ச்சி.

உன் கடிதத்துக்குப் பிறகு அஸ்தினாபுரம் போய் வந்தேன். வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். பதினாறுக்குப் பன்னிரண்டு ஹால், மொசைக் தரை. கதவு மட்டும் வேறு வீட்டுக் கதவு மாதிரி தடியாக நிற்கிறது. அப்பா ரயில்வே ஏலத்தில் எடுத்த பழைய ரயில்பெட்டித் தேக்கு. ஹால் நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தேன். காலி அறை எப்படி எதிரொலிக்குமோ அப்படித்தான் எதிரொலித்தது. பத்து வயதில் குளிரில் நின்று, பசியோடு, உள்ளே உப்புமா இருக்கிறது என்று தெரிந்து கேட்கிற குரல் யாருக்கும் இனிமையாகத்தான் இருக்கும். அதை மைக் பதிவு செய்யாது.

எதிர்வீட்டு தோத்தாத்ரி சார் வாசலில் நின்றிருந்தார். “சர்ச்காராளா இருந்தா என்ன, எங்காத்துக்கும் வந்து பாடிட்டுத்தானே போவேள்? ஆத்துக்காரி சுந்தரி போனப்பறம் டிசம்பர் வந்தா என்னவோ போல இருக்கு” என்றார். உன்னை விசாரித்தார்.

தனசிங்குக்கு அக்டோபர்தான் வசதி. பத்திரத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மெட்டில்டா


ஏற்காடு
செப்டம்பர் 1

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு பேரும் சுகம். உனக்கு எப்படி இருக்கிறது?

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நீ சொல்வது சரியாகவும் இருக்கலாம். பத்தாவது பாட்டு இல்லாமலே போகட்டும்.

கூடவே ஒரு பென்டிரைவ். ஒன்பது பாட்டும் அதில் இருக்கின்றன. சவுரிமுத்து அண்ணன் ஒரு வாரம் இங்கே வந்து தங்கி, குளிரைத் திட்டிக்கொண்டே வாசித்துக் கொடுத்தார். எல்லாமே சாயங்காலம், எங்கள் வராந்தாவில் பதிவு செய்தது. ஹெட்போன் மாட்டிக் கேள். ஒரு வெளிச்சத்தம் இருக்காது. வண்டி இல்லை, நாய் இல்லை, ஒன்றுமே இல்லை. அவ்வளவு அமைதி. நான் இங்கே வந்ததே அதற்காகத்தான்.

ஸ்டெபின்


ராஜகீழ்ப்பாக்கம்
செப்டம்பர் 8

அன்புள்ள சுஜிக்கு,

நீ நலமா? பரீட்சைத் தாள் திருத்துகிற நேரம் என்று தெரியும். இருந்தாலும் இதை உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஸ்டெபினிடம் காட்டாதே.

அவன் அனுப்பிய பாட்டுகளைக் கேட்டேன். நன்றாக இருக்கின்றன. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு வெளிச்சத்தமும் இல்லை என்று எழுதியிருக்கிறான். ஒன்பது பாட்டிலும் சில்வண்டு கத்துகிறது. எங்கேயோ தூரத்தில் இல்லை. அவன் குரலுக்குச் சமமாக, முதலிலிருந்து கடைசிவரை, ஊசி குத்துகிற மாதிரி. என் காதில்தான் கோளாறோ என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். “என்ன ஆன்ட்டி, காட்டுல ரெக்கார்ட் பண்ணாங்களா?” என்றாள்.

இருபது வருடம் ஸ்டூடியோவில் இருந்தவனுக்கு இது கேட்காமல் போகாது. சில்வண்டின் சத்தம் மேல் ஸ்தாயி. காது பழுதானால் முதலில் போவது அதுதான். போனில் பேச்சு புரியாமல் போவதும் அதனால்தான். அவனுக்கு எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?

அன்புடன்,
மெட்டில்டா


ஏற்காடு
செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணி,

நலம். நீங்கள் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தெரியும், இருந்தாலும்.

நான்கு வருடமாகிறது. மேடைக் கச்சேரிகளில் பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னாலேயே நின்றார் அல்லவா? ஒருநாள் வீட்டுக்கு வந்து “குக்கர் விசில் ஏன் நிக்கவே மாட்டேங்குது?” என்றார். அன்றைக்கு நான் சமைக்கவே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, போனது திரும்பாது, மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றார். மெஷின் வைத்துப் பார்த்தோம். பேச்சுக்கு ஆகிறது, பாட்டை ஏதோ தகர டப்பாவுக்குள் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிவிட்டார். ஸ்டூடியோவில் யாருக்கும் தெரிவதற்கு முன்னால் அவராகவே வந்துவிட்டார்.

கரண்ட் போன கல்யாணம் நிஜம்தான். ஆனால் கிடாரை ஏன் நெஞ்சோடு அப்படி அணைத்துப் பிடிக்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? மரத்தின் அதிர்வு உடம்பில் தெரிகிறதாம். கீபோர்டு அதைக் கொடுக்காதாம்.

சில்வண்டு எனக்கும் கேட்கிறது அண்ணி. முதல் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டி, “எவ்ளோ அமைதி பாத்தியா?” என்றார். ஆமாம் என்றேன். இனி அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த டிசம்பருக்கு இந்த அளவு கேட்குமா என்று டாக்டருக்கே உறுதியில்லை.

சுஜி


ராஜகீழ்ப்பாக்கம்
அக்டோபர் 6

அன்புள்ள ஸ்டெபின்,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

பாட்டுகளைக் கேட்டேன். தண்ணி லாரிப் பாட்டை மூன்று தடவை கேட்டேன். ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்கிற அளவுக்கு எனக்கு விஷயம் தெரியாது.

தனசிங் மழைக்காலத்தில் அஸ்திவாரம் தோண்ட யோசிக்கிறார். வேலை ஜனவரிக்குத் தள்ளிப் போகிறது. டிசம்பரில் வீடு சும்மாதான் இருக்கும். வருவதானால் வா.

அன்புடன்,
மெட்டில்டா

பின்குறிப்பு: இனிமேல் கடிதமே எழுதிக்கொள்வோம். போனில் பேசினால் எனக்கும் கோபம் வருகிறது.


ஏற்காடு
அக்டோபர் 14

அன்பு அக்காவுக்கு,

தனசிங் மழைக்குப் பயப்படுகிறாரா! போன நவம்பரில் முட்டியளவுத் தண்ணீரில் நின்று தூண் எழுப்பினவர் என்று சவுரிமுத்து அண்ணன் சொல்கிறார். எப்படியோ, அவர் நன்றாக இருக்கட்டும். நாங்கள் சுகம்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாம். ரவுண்ட்ஸ் கூட்டத்தில் பழைய ஆட்கள் ஐந்து பேர் வருகிறார்கள். நான் அவர்களோடு வெளியே நின்று பாடுகிறேன், முன்னே மாதிரி. உள்ளேயிருந்து அப்பாவின் பதிலை நீ பாட வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து அதைக் கேட்டவர்களில் மிச்சமிருப்பது நீ மட்டும்தான்.

ஸ்டெபின்


ராஜகீழ்ப்பாக்கம்
நவம்பர் 3

அன்புள்ள ஸ்டெபின்,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நான் கல்லூரி நாளில் சர்ச் கொயரை விட்டவள். அதற்குப் பிறகு குளியலறையில்கூடப் பாடியதில்லை. வேறு யாரையாவது பார்.

வேறு யாரும் கிடைக்காவிட்டால் பாடுகிறேன். ஒரே தடவைதான்.

உங்கள் நலத்துக்கு என் வாழ்த்து.

மெட்டில்டா


ராஜகீழ்ப்பாக்கம்
டிசம்பர் 6, வெள்ளி

அன்புள்ள சுஜிக்கு,

பரீட்சைப் பொறுப்பு இருப்பதால் நீ வர முடியவில்லை என்று ஸ்டெபின் சொன்னான். நலமாக இரு. அவன் நலமாக வந்து சேர்ந்தான். தாம்பரம் ஸ்டேஷனில் பின்னாலிருந்து நான்கு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன். “நீ எப்ப வந்த?” என்றான். இப்போதுதான் என்றேன்.

நீ கேட்டுக்கொண்டபடி எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. நாளை காலை பதிவு. பெரிதாக ஒன்றும் நடந்துவிடும் என்று எதிர்பார்க்கவில்லை. அதையும் பார்த்துவிட்டு இந்தக் கடிதத்தை முடிக்கிறேன்.

சனி, மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மழையில் கதவு ஊறிப் பிதுங்கியிருந்தது. சாத்துவதற்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே ஒரு மைக், வெளியே ஒரு மைக். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து சவுரிமுத்து அண்ணன், “இன்னா மெட்டில்டாம்மா, ‘இடம் இருக்குது’ன்னு ஒரு வார்த்த பாட இவ்ளோ பிகுவா? காலேஜ்ல மணிக்கணக்கா பேசுறியே” என்றார். தோத்தாத்ரி சார் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்து வாசல்படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாடத் தொடங்குவதற்கு முன்னால் ஸ்டெபின் இரண்டு தடவை கையைத் தூக்கி, “ஃப்ளைட் போகட்டும்” என்று நிறுத்தினான். விமானத்தின் அடிச்சத்தம் அவனுக்குக் கேட்கிறது. பிறகு பாடினார்கள். உள்ளே நான் நின்றேன். ‘இடம் இருக்குதா’ என்று அவர்கள் கேட்டு நிறுத்தியதும் பாடினேன். சன்னமாகத்தான் வந்தது. இரண்டு அடியையும் பாடி முடித்தேன்.

பதில் வந்ததும் டோலக் மறுபடி தொடங்க வேண்டும். ஸ்டெபின் தலையசைத்தால்தான் அண்ணன் அடிப்பார். வெளியே எந்தச் சத்தமும் இல்லை. காத்திருந்தேன். கடைசியில் அண்ணனின் குரல் கேட்டது. “பாடிச்சுப்பா. உள்ளருந்து பாடிடுச்சு.”

“அப்படியா? ஃப்ளைட் சத்தத்துல கேக்கல” என்றான் ஸ்டெபின்.

அப்போது ஃப்ளைட் எதுவும் போகவில்லை. ஜன்னல் சன்ஷேடின் மேல் ஒரு அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் கதவை இழுத்துத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

“ஃப்ளைட் இல்லடா. அணில்” என்றேன்.

“எங்க?”

“உன் தலைக்கு மேல. பாட்டு முழுக்கக் கத்துச்சு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அணில் வாலை ஆட்டி ஆட்டிக் கத்துவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு, “ஏற்காட்டுலயும் இந்த மாதிரி ஏதாவது இருக்கா?” என்றான்.

“சில்வண்டு.”

“எத்தன பாட்டுல?”

“எல்லாத்துலயும்.”

படியில் தோத்தாத்ரி சார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். “சுஜி சொல்லவே இல்ல” என்றான். நீயும்தான் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்றேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன் சுஜி. அவன் வீட்டுக்கு வந்ததும் உன்மேல் கோபப்பட்டால் என்மேல் பழியைப் போட்டுவிடு.

சவுரிமுத்து அண்ணன் டோலக்கின் கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டே இருந்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

பிறகு ஸ்டெபின் எழுந்தான். “அக்கா, நீ வெளிய நில்லு. நான் உள்ள போறேன். அப்பா பாட்ட நான் பாடறேன்.”

“நான் ரவுண்ட்ஸ் வந்ததே இல்லையேடா.”

“அதான், வா.”

“முப்பத்தஞ்சு வருசம் லேட்டா வந்துகினு கீது, வாத்தியாரம்மா” என்றார் அண்ணன். “பரவால்ல, பின்னால நில்லு. அடி மறந்தா வாய மட்டும் அசை.”

கதவைச் சாத்துவதற்கு முன்னால் பார்த்தேன். ஸ்டெபின் இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் விரித்து, நெற்றியையும் அதில் சாய்த்து நின்றுகொண்டான். நாங்கள் வெளியே பாடுவது அந்தத் தேக்கு வழியாக அவனுக்குப் போய்ச் சேர வேண்டும். அண்ணன் டோலக்கைக் கதவோடு ஒட்டி வைத்துக்கொண்டு அடித்தார். நாங்களும் முகத்தைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடினோம். அடி எதுவும் எனக்கு மறக்கவில்லை. ‘இடம் இருக்குதா’ என்று கேட்டுவிட்டு நிறுத்தினோம்.

பதில் வந்தது. அறைக்குள்ளிருந்து வருகிற குரலாக இல்லை. கதவே, என் நெஞ்சு உயரத்தில், அடிக்குரலில் பாடுவதுபோல இருந்தது. அப்பாவின் குரலா என்று கேட்டால், இல்லை. ஸ்டெபினுடையதா என்று கேட்டால், அதுவும் முழுக்க இல்லை. அப்பாவும் அப்படி நெற்றியைச் சாய்த்துத்தான் பாடினாரா? அடுப்படியில் இருந்தவள் அதைப் பார்க்கவில்லை. ஜூலையில் அவன் கேட்ட கேள்விக்கு இப்போதும் எனக்குப் பதில் தெரியாது. ‘அப்படி’ என்றால் எப்படி என்று மட்டும் தெரியும்.

பதில் முடிந்ததும் நாங்கள் கதவைத் திறந்து பாடிக்கொண்டே நுழைய வேண்டும். கதவு மறுபடி சிக்கிக்கொண்டது. அண்ணனும் நானும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம். படாரென்று திறந்து உள்ளே நின்றவனின் நெற்றியில் இடித்தது. அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நாங்கள் எல்லாரும் பாட்டை விட்டுவிட்டுச் சிரிக்க, பின்னாலிருந்து தோத்தாத்ரி சார், “காப்பி ஆறிப்போறது, எல்லாரும் உள்ள வாங்கோ” என்றார்.

மத்தியானம் உட்கார்ந்து கேட்டோம். ஹெட்போன் என் காதில், சின்ன ஸ்பீக்கர் அவன் மடியில். “அணில் இருக்கா?” என்று கேட்டான். இருக்கிறது என்றேன். “இருக்கட்டும்” என்றான். தோத்தாத்ரி சார் சொன்னதும் அப்படியே பதிவாகியிருக்கிறது. அதையும் வெட்டவில்லை.

நெற்றியில் சின்ன வீக்கம்தான். பயப்படாதே.

அன்புடன்,
மெட்டில்டா